சொல் மாறிய வட்டவிதானை

என் கையெழுத்து கோழி கிளறிய மண்ணைப் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. வாசிக்கிறவர்கள் எழுத்தின் கோணலையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மன்னிப்பு அந்த இரண்டுக்கும் மட்டும்தான். இனி எழுதப்போகிற விஷயத்துக்கும் மன்னிப்புக் கேள் என்று ஒரு வட்டையே சேர்ந்து சொன்னது. நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வீடு கல்முனைக்குடியில். வயல் சவளக்கடைப் பக்கம். சுபஹு தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் போனால் வெயில் ஏறுவதற்குள் வரம்பில் நிற்கலாம். அங்கே என் சொந்த வயல் சின்னத் துண்டு. ஆனால் பல வருஷமாக அந்த வட்டைக்கு நான்தான் வட்டவிதானை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து, வாய்க்காலின் மதகான துரிசைத் திறந்து மூடுகிற ஆள் வட்டவிதானை. விவசாயிகளே கூடி ஆளைத் தெரிவு செய்வார்கள். அறுவடைக்குப் பிறகு அவரவர் வயலுக்கு ஏற்றபடி விதானைக்கு நெல் கொடுப்பார்கள். எங்கள் வட்டையில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், தமிழர்களும் இருக்கிறார்கள். தண்ணீர்ச் சண்டையில் மட்டும் அந்த வித்தியாசம் கிடையாது.

என்னைத் தெரிவு செய்தது என் கெட்டித்தனத்தைப் பார்த்து அல்ல. நான் யாரோடும் மோதாதவன். நாலு பேர் கூடினால் என் வாய் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் மற்றவர்கள் இறைச்சியைத் தங்கள் பக்கம் இழுக்கும்போது நான் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறவன். இப்படியான ஆள் விதானையாக இருந்தால் யாருக்கும் தலையிடி இருக்காது என்று நினைத்திருப்பார்கள். என் வாழ்க்கையில் நாலு பேர் என்னைத் தேடி வந்ததும், என் முகத்தைப் பார்த்து ஒரு விஷயம் கேட்டதும் அந்தப் பதவியால்தான். அதை நான் விரும்பினேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

முதல் வருஷங்களில் கேட்ட எல்லாருக்கும் ஓம் என்றேன். வாய்க்காலின் தலைப்பக்கத்து வயல்களான மேல்கண்டத்துக்காரர் வந்து “நாளைக்கு எனக்குத்தானே தண்ணி?” என்றால் ஓம். அவர் போனதும் கடைப்பக்கத்துக் கீழ்கண்டத்துக்காரர் வந்து அதையே கேட்டால் அவருக்கும் ஓம். விடிந்ததும் இரண்டு பேரும் மண்வெட்டியோடு தண்ணீர் பிரிகிற ஒரே வக்கடையில் நிற்பார்கள். நான் சுகமில்லை என்று வீட்டில் படுத்திருப்பேன். இதை ஊர் பகிடியாக எடுத்துக்கொண்டது. “விதானையிட்ட ஓம் வாங்கிறது லேசு, தண்ணி வாங்கிறதுதான் கஷ்டம்” என்று தேநீர்க் கடையில் சிரிப்பார்கள்.

காலம் போகப் போக அந்தப் பழக்கத்தை விட்டேன். தைரியம் வந்து விடவில்லை. வரம்பில் நடந்து நடந்து வயலைப் பார்க்கப் பழகிவிட்டேன், அவ்வளவுதான். ஆளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதைவிடப் பயிரைப் பார்த்துச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. பயிர் என்னை முறைத்துப் பார்ப்பதில்லை.

விஷயம் போன சிறுபோகத்தில், மழையில்லாத காலத்து வேளாண்மையில், நடந்தது.

விதைப்புக்கு முன் நடந்த ஆரம்பக் கூட்டத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு, முறைபோட்டுத்தான் பாய்ச்ச வேண்டும் என்று முடிவானது. மேல்கண்டம் முதல், கீழ்கண்டம் பிறகு. நானும் எழும்பி அதையே சொன்னேன். முறை மாறாது என்றும் சொன்னேன். சொன்னது என் வாய்தான்.

பிறகு என்ன நடந்தது என்றால், கீழ்கண்டத்துக்காரர்கள் குறுகிய கால நெல் விதைத்திருந்தார்கள். மேலே உள்ளவர்கள் அதைவிடப் பிந்தி விளைகிற நெல். கீழே பயிர் குடலைப் பருவத்துக்கு வந்தபோது மேலே இன்னும் வெறும் பச்சை. கதிர் உள்ளே உருவாகிற அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் நெல் உள்ளே அரிசி இல்லாத சப்பியாகப் போகும். நான் முறையை மாற்றிக் கீழே திறந்தேன். மேல்கண்டத்துக்காரர்கள் கொதித்தார்கள். அடுத்த நாட்களில் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அள்ளி அடித்தது. மேல்கண்டம் மணல் சேர்ந்த மேட்டு நிலம். ஒரு பகலில் வெடிப்பு விட்டது. வெடிப்புக்குள் என் விரல் இறங்கியது. நான் மறுபடியும் மாற்றினேன். கீழே பாய்ந்துகொண்டிருந்ததை மறித்து மேலே திருப்பினேன். இப்போது கீழ்கண்டத்துக்காரர்களும் கொதித்தார்கள்.

கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறி முடியவில்லை. அது ஒரு தமிழருடையது. எனக்கு மூத்தவர், நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறவன். அவருடைய வயலின் மூலையில் தண்ணீர் நின்றதைப் பார்த்து, இந்த ஈரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அந்த மூலை பள்ளம் என்பதும் மற்றப் பக்கம் காய்ந்து கிடந்தது என்பதும் நான் நடந்து பார்க்காததால் தெரியாமல் போனது. அறுவடையில் அந்த வயலில் ஒரு பங்கு சப்பி.

அவரிடம் அடுத்த நாளே போனேன். வெட்டு மெசின் போன தடத்தில் நின்றுகொண்டிருந்தார். “அண்ணன், உங்கட வயல நான் சரியாப் பாக்கல்ல. அது என்ட பிழை” என்றேன். அவர் கையிலிருந்த சப்பியை ஊதினார். அது பறந்தது. “ஓம், பறக்குது பார்” என்றார்.

அறுவடை முடிந்ததும் நெல் களஞ்சியத்தில் என் விஷயமாக விசேஷ கூட்டம் வைத்தார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. கூட்டத்துக்கு முன்னணியில் நின்றவர் என் மச்சான். என் மனைவியின் மூத்த சகோதரர். மேல்கண்டத்தில் பெரிய வயல்காரர், நெல் வியாபாரி, ஊரில் மூளையுள்ள ஆள் யார் என்று கேட்டால் அவரைத்தான் காட்டுவார்கள்.

“நான் கேக்கிறது ஒரே ஒரு கேள்வி” என்றார் மச்சான். “மனிசனுக்கு வாய் ஒண்டு. சொல்லும் ஒண்டாத்தானே இரிக்கணும்? மேல எண்டான், கீழ எண்டான், மறுகா மேல எண்டான். இது என்ன, விதானை வேலையா, ஊஞ்சலா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் நெல் மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் விவசாயிகள் அமைப்பின் செயலாளர் இளம் ஆள், படித்தவர், நல்ல மனிதர். என்னை அந்தச் சிரிப்பிலிருந்து காப்பாற்ற நினைத்தாரோ என்னவோ, ஃபோனை எடுத்தார். இப்போது கேள்வி கேட்டால் பதில் சொல்கிற மெசின் ஒன்று ஃபோனில் இருக்கிறது என்றும், தண்ணீர் முறையை அதனிடமே கேட்கலாம், அதற்கு மேல்கண்டமும் இல்லை கீழ்கண்டமும் இல்லை, ஆள் பார்க்காது என்றும் சொன்னார். “உலகத்தில இரிக்கிற புத்தகம் எல்லாம் படிச்ச மூளை காக்கா இது.” காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

“அப்ப கொண்டா இஞ்ச” என்று மச்சான் ஃபோனை வாங்கினார். வயல் இருந்த நிலையைச் சொல்லிவிட்டு, “மேல்கண்டத்துக்கு முதல் தண்ணி குடுக்கிறதுதானே நியாயம்?” என்று கேட்டார்.

செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் அது பதில் சொன்னது. ஆம், கூட்டத்தில் முடிவு செய்த ஒழுங்கின்படி மேற்பகுதி வயல்களுக்கு முதலில் நீர் வழங்குவதே நியாயமானது.

“கேட்டீங்களா?” என்று மச்சான் சுற்றிப் பார்த்தார்.

கீழ்கண்டத்து அண்ணன் எழும்பி மச்சானிடம் வந்தார். “அதை என்னட்டத் தாங்க ஹாஜியார்.” ஃபோனை வாயோடு ஒட்டிப் பிடித்தார். “பிள்ளை, எங்கட பயிர் குடலையில நிக்குது. இப்ப தண்ணி இல்லாட்டி சப்பி. எங்களுக்குத்தானே முதல் தரவேணும்?”

ஆம், உங்கள் கவலை மிகவும் நியாயமானது, கதிர் உருவாகும் பருவத்தில் இருக்கும் வயல்களுக்கே முன்னுரிமை வழங்க வேண்டும் என்றது அதே குரல்.

களஞ்சியம் அதிர்ந்தது. வாய்க்கால் ஓரத்து வயல்காரர் ஒருவர் பின்னாலிருந்து, ஆளுக்கு ஆள் முறை எதற்கு, எல்லாருக்கும் ஒன்றாகத் திறந்துவிட்டால் என்ன என்று கத்தினார். அது அதையும் நல்ல யோசனை என்று பாராட்டியது.

“இவ எந்த ஊர் விதானை காக்கா?”

“தெரியாதா? நம்மட விதானையிர கூடப் பிறந்த தங்கச்சி!”

“வாப்பா ஒண்டு, உம்மா ஒண்டு, சொல்லுதான் மூண்டு!”

சிரித்துச் சிரித்து ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. செயலாளர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். மச்சான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “மூளை மூளை எண்டீங்களே. மூளை இருந்தா ஒரு சொல்லுதான் வரும். ரெண்டு சொல்லு வந்தா அங்க மூளை இல்ல எண்டு அர்த்தம். அது ஃபோனுக்கும் சரி, ஆளுக்கும் சரி.”

பிறகு முடிவைச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி, முறையை மாற்றியது பிழை என்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். இனி என்ன நடந்தாலும் முறை மாறாது என்று வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நான்தான் விதானை. இல்லாவிட்டால் வேறு ஆள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மச்சானின் சொல் காதுக்குள் நின்றது. மூளை இருந்தால் ஒரு சொல்தான் வரும்.

அவரை நான் என் கல்யாண நாளிலிருந்து பார்க்கிறேன். நெல் விலை இறங்கப்போகிறது என்று சொல்லி ஆட்களிடம் வாங்குவார். ஏறப்போகிறது என்று சொல்லி ஆலைக்காரருக்கு விற்பார். இரண்டையும் ஒரே காலையில், ஒரே கதிரையில் இருந்துகொண்டு செய்வார். ஒரு உழவு மெசின்காரனைப் பள்ளிவாசல் வாசலில் வைத்து ‘இனி என் வரம்பில் கால் வைக்காதே’ என்றவர், அடுத்த போகத்தில் அவனுக்கே இடியப்பம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். சீதனம் ஹராம் மாதிரி என்று மேடையில் கதைத்துவிட்டு இறங்கி, மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீட்டுக்கு மேல்மாடி போடலாமா என்று மேசனிடம் கேட்டார். இதற்கெல்லாம் ஊர் வைத்திருக்கிற பெயர் கெட்டித்தனம். நான் இரண்டு தடவை துரிசை மாற்றியதற்கு வைத்த பெயர் தளம்பல். வயல் பெரிதாக இருந்தால் சொல் மாறுவது மூளை. வயல் சின்னதாக இருந்தால் அதே விஷயம் மூளை இல்லாமை. இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மச்சானைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் சொல்ல வருவது வேறு. அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். கெட்டிக்காரராக இருப்பதால்தான் அவர் சொல் மாறுகிறது. வாங்குகிறவனின் மனமும் விற்கிறவனின் மனமும் அவருக்குத் தெரியும். ஒரு மனம் மட்டும் தெரிந்தவனிடம் ஒரு சொல்தான் இருக்கும். நெல் குற்றுகிற மெசினைப் பாருங்கள். நேற்றும் குற்றியது, இன்றும் குற்றுகிறது. நெல்லோடு கல்லைப் போட்டாலும் குற்றும். அதுபோல உறுதியான சொல் யாரிடமும் கிடையாது. ஆனால் அதனிடம் போய் யாரும் யோசனை கேட்பதில்லை.

மனைவியிடம் இதைச் சொன்னேன். அடுத்த நாள் காலை. யாரோ வீட்டு விசேஷத்துக்கு வட்டிலப்பம் கேட்டிருந்தார்கள், அவள் சட்டியில் முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல கதை” என்றாள். “இதக் களஞ்சியத்தில சொல்லாம என்ட அடுப்படியில சொல்றீங்க.”

“அங்க வாய் வருதில்ல.”

“அப்ப வாய் வராத ஆள் பேசாம ஒரு சொல்லச் சொல்லிட்டு வாங்களன். பிழை எண்டு சொன்னா வாய் தேஞ்சா போகும்? பதவியும் நிக்கும், காக்காவும் அடங்குவார்.”

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், என்னைவிட மூன்று வகுப்புக் கூட. அவள் ஃபோனிலும் அந்த மெசின் இருந்தது. கேக்குக்கு மா எவ்வளவு, சீனி எவ்வளவு என்று கேட்பாள். “அதக் கொஞ்சம் தா புள்ள” என்றேன். ஏன் என்று கேட்காமல் கையைத் துடைத்துவிட்டுத் திறந்து தந்தாள்.

அதோடு கதைக்கவும் எனக்குக் கூச்சம் வந்தது. மெல்லமாகச் சொன்னேன். அதற்கு விளங்கவில்லை.

“அது பொம்புள இல்ல, சத்தமாக் கதைங்க!”

களஞ்சியத்தில் நடந்ததைச் சொன்னேன். “மூணு பேர் கேட்டாங்க, மூணு பேருக்கும் ஓம் எண்டு சொன்ன. ஏன் அப்பிடி?”

மன்னிக்கவும் என்றது. முரணான பதில்கள் கூறப்பட்டிருந்தால் அது தவறு என்றது.

நான் யோசித்தேன். தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. “இல்ல. மூணு பேரிட்டயும் நியாயம் இருந்த. ஒழுங்கு எண்டா மேலதான் முதல். பயிரப் பாத்தா கீழதான் முதல். நீ சொன்ன ஒண்டும் பொய் இல்ல.”

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, அந்தப் பதில்கள் தவறானவை அல்ல என்றது.

“இப்பதானே தவறு எண்டு சொன்ன?”

மன்னிக்கவும்.

“மன்னிப்பு ஏன் கேக்கிற? நான் கதைச்சது பிழையா இருந்தா?”

உங்கள் கேள்வி நியாயமானது என்றது. அதற்குப் பிறகும் ஒரு மன்னிப்புக் கேட்டது.

மனைவி சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அல்லாஹ்வே, ஒங்கள அப்பிடியே புடிச்சி உள்ளுக்குப் போட்ட மாதிரி இரிக்கி! கல்யாணம் முடிச்ச புதுசில நீங்க இப்பிடித்தான். உம்மாவுக்கும் ஓம், எனக்கும் ஓம், நான் ஏசினா அதுக்கும் ஓம்.”

நான் சிரிக்கவில்லை. ஃபோனை வாங்குப் பலகையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

அந்த மெசினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் அது செய்ததை நான் முன்பு செய்திருக்கிறேன். அதனால் அதைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மூன்று நியாயமும் அதன் மூளைக்குத் தெரிந்திருந்தது. களஞ்சியத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் நியாயம் ஒன்றுதான் தெரிந்தது. எத்தனை பக்கம் தெரிகிறதோ அத்தனை சொல் வாயில் வந்து முட்டும். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. அதைப் பார்த்து மூளை இல்லை என்று சிரித்தவர்கள் பிழையான இடத்தில் சிரித்தார்கள்.

சிரிக்க வேண்டிய இடம் வேறு. கேட்கிறவர் எந்தப் பக்கம் தள்ளினாரோ அந்தப் பக்கம் அது சாய்ந்தது. தள்ளிய கையைப் பார்த்ததே தவிர வயலைப் பார்க்கவில்லை. பார்க்க அதற்கு வயல் இல்லை, பாவம். நான் விதானையாக வந்த புதிதில் எனக்கும் வயல் தெரியவில்லை. கைகள்தான் தெரிந்தன. அப்போது என் சொல் மாறியது பயத்தால். போன சிறுபோகத்தில் மாறியது விரல் வெடிப்புக்குள் இறங்கியதால். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். மேல, கீழ, மேல. உள்ளே இருந்தவன் நான். எனக்கு வித்தியாசம் தெரியும்.

கிணற்றடியில் நின்றுகொண்டு இன்னொன்றையும் கண்டேன். பயிர் காய்ந்தாலும் முறையை மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் ஊருக்கு நான் உறுதியான மனிதன். ஆனால் அந்த வாக்கை ஏன் கொடுத்தேன்? தள்ளினார்கள், சாய்ந்தேன். ஒரே சொல்லில் நிற்கிற மனிதன் என்று பெயர் வாங்குவதற்காக என் பழைய ஓம் ஒன்றை மறுபடியும் சொல்லியிருப்பேன். அந்த ஃபோன் மெசின் மன்னிக்கவும், மன்னிக்கவும் என்றதே, அதே மன்னிப்பு. அது என் வாயிலிருந்து வரக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். பதவி போகும் என்று தெரியும். போகட்டும் என்று லேசாக நினைக்கவில்லை.

அடுத்த கூட்டம். அதே களஞ்சியம். மச்சான் முன்னால், அண்ணன் சுவரோரம், செயலாளர் நடுவில். என் பெயரைச் சொன்னதும் எழும்பினேன். தராசுத் தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் கனக்கக் கதைக்கிற ஆள் இல்ல” என்றேன்.

“அது தெரியும், சுருக்கிச் சொல்லு” என்றார் மச்சான்.

“மாத்தினது பிழை எண்டு சொல்ல மாட்டன்.”

என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“முதல் சொன்ன நேரம் அது சரி. அப்ப விதைக்கவும் இல்ல. கீழ குடலை வந்த நேரம் அந்தச் சொல்லு சரியில்ல, மாத்தினன். கச்சான் அடிச்ச நேரம் அதுவும் சரியில்ல, மாத்தினன். இனியும் பயிரப் பாத்துத்தான் திறப்பன். மாத்த மாட்டன் எண்டு வாக்குத் தந்தா அந்த வாக்குத்தான் பொய்.”

“அப்ப ஒன்ட சொல்லுக்கு என்ன பெறுமதி?” என்றார் மச்சான்.

“உங்கட நெல்லு விலைக்கு என்ன பெறுமதியோ அதுதான் மச்சான்.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார். மச்சானின் முகம் சிவந்தது. அவரை எதிர்த்து நான் பேசிய முதல் சொல் அது. அதன் சூடு இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது அண்ணன் எழும்பினார். அவர்தான் உண்மையான கேள்வி கேட்டார். “விதானையார், எல்லாம் சரி. என்ட வயல் சப்பியாப் போனதுக்கு என்ன சொல்றீங்க?”

“அத உங்கட வயலுக்கே வந்து சொன்னன் அண்ணன். இஞ்சயும் சொல்றன். மூலையப் பாத்திட்டு முழு வயலும் ஈரம் எண்டு நினைச்சது என்ட பிழை. நடந்து பாத்திருக்க வேணும். ஆனா பிழையாப் பாத்தது வேற, மாத்தினது வேற. அடுத்த முறை நல்லாப் பாப்பன். மாத்தாம இருக்க மாட்டன்.”

அவர் தலையை ஆட்டினார். “உங்களில எனக்குக் கோபமில்ல. நீங்க சொல்றது எனக்கு விளங்குது. ஆனா எனக்கு நித்திரை வேணும். எண்டைக்குத் தண்ணி வரும் எண்டு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி விதைப்பன், கடன் எடுப்பன், மகள்ர வீட்ட போய் ரெண்டு நாள் நிப்பன். நீங்க நல்ல மனிசன்தான். ஆனா நல்ல மனிசன்ட கைய எந்த நேரமும் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது.”

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு அவர் சொன்னது விளங்காமல் இருக்குமா? ஆனால் விளங்குவதும் சாய்வதும் ஒன்றல்ல என்று அன்றைக்குப் பிடிவாதமாக நின்றேன். உட்காரவில்லை. வாக்கும் கொடுக்கவில்லை.

கை உயர்த்தச் சொன்னார்கள். எனக்காக உயர்ந்த கைகள் சில இருந்தன, நான் எதிர்பார்த்ததைவிடக் கூட. அண்ணன் கை எனக்கு எதிராக உயர்ந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உயர்த்தினார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். மச்சான் கையை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. துரிசின் இரும்புக் கைபிடியை மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து செயலாளரின் கையில் கொடுத்தேன். “மன்னிச்சுக்கொள்ளுங்க காக்கா” என்றார் அவர், மெல்ல. “நீங்க ஏன் தம்பி கேக்கிறீங்க?” என்றேன்.

வீட்டில் மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் சோறு போடும்போது, “காக்காவ அப்பிடிக் கேட்டீங்களாமே?” என்றாள். ஓம் என்றேன். “நெல்லு விலையையா?” ஓம். மீனின் நடுத்துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஏசவில்லை.

இந்த மழைக்காலப் பெரும்போகத்தில் புது விதானை வேலை பார்த்தார். மச்சானின் பக்கத்து ஆள், ஒழுங்கானவர், முறையைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார். மழை அள்ளிப் பெய்தது. யாருக்கும் தண்ணீர் தேவைப்படவில்லை. வெள்ளத்தை வெட்டி விடுவதே வேலையாக இருந்தது. ஆகவே மாறாத முறை நல்லதா, என் முறை நல்லதா என்று பார்ப்பதற்கு வழியில்லாமல் போனது. நான் சொன்னதுதான் சரி என்று காட்ட அல்லாஹ் ஒரு கச்சானை அனுப்பியிருந்தால் இதைப் பெருமையோடு எழுதியிருப்பேன். அனுப்பவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

இப்போது வெட்டு முடிந்துகொண்டிருக்கிறது. சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தை நோன்புக்கு முன்னம் வைக்கப்போகிறார்கள். குளத்தில் இந்தத் தடவையும் போதுமான தண்ணீர் நிற்காது என்கிறார்கள். அன்றைக்குப் புதிதாக விதானை தெரிவு நடக்கும். நான் எழும்பி, என்னைப் போடுங்கள் என்று கேட்கப்போகிறேன். என் வாழ்க்கையில் எதையும் எனக்காக வாய்விட்டுக் கேட்டதில்லை. அண்ணனுக்காக ஒரு விஷயம் செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். முறையை மாற்றுவதாக இருந்தால் முதல்நாளே கீழ்கண்டத்தின் கடைசி வயல் வரைக்கும் நடந்துபோய் ஆளிடம் நேரில் சொல்வேன். அவருடைய நித்திரைக்கு அது போதுமா தெரியாது. மாற்றமாட்டேன் என்று மட்டும் கேட்டாலும் சொல்லமாட்டேன், தள்ளினாலும் சொல்லமாட்டேன்.

நேற்று மனைவியிடம் சொன்னேன். “திரும்பியும் போய் நிக்கப் போறீங்களா? வெக்கமாயில்லையா?” என்றாள்.

“வெக்கம் நிறைய இரிக்கி. அதையும் கூட்டிக்கொண்டுதான் போறன்.”

ஷஃபான் பிறை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.